கண்ணாடியைத் துறந்த சோலார் பேனல்கள்

வீட்டுக் கூரைகளில் இன்று பரவலாகப் பொருத்தப்படும் 550 வாட் சோலார் பேனல் ஒன்று ஏறக்குறைய 2.28 மீட்டர் நீளமும் 1.13 மீட்டர் அகலமும் கொண்டது. எடை 28 கிலோ அளவில் இருக்கும். அந்த 28 கிலோவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கணக்கிட்டுப் பாருங்கள். மேலே மூடியிருக்கும் 3.2 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 20 கிலோவைத் தாண்டும். அலுமினியச் சட்டம், பின்புறத் தாள், ஒட்டிப் பிடிக்கும் பசைப்படலம், செப்புப் பட்டைகள், ஜங்ஷன் பாக்ஸ் ஆகியவை மீதியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். வெயிலை மின்சாரமாக மாற்றுகிற சிலிக்கான், அதாவது எந்த வேலைக்காக இந்தப் பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறோமோ அந்த வேலையைச் செய்கிற பகுதி, ஒரு கிலோகூட வராது.

எடை குறைந்த பேனல்களைப் பற்றிய எல்லா விஷயங்களும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன. நான் கட்டட அமைப்புப் பொறியியல் துறையில் வேலை செய்கிறவன். தொழிற்கூடங்களின் கூரைகளைக் கணக்கிட்டுக் கொடுப்பது என் அன்றாட வேலை. கடந்த சில ஆண்டுகளாக, ‘இந்தக் கூரை சோலாரைத் தாங்குமா?’ என்ற கேள்விக்கு அடுத்தபடியாக, ‘வளைகிற பேனல் வந்திருக்கிறதாமே, அதைப் போட்டுவிடலாமா?’ என்ற கேள்வியும் வருகிறது. இரண்டு மூன்று கிலோவில் 100 வாட், துளையே போடாமல் ஒட்டிவிடலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அவை சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த எடை எதைக் கழற்றியதால் குறைந்தது என்பதையும், கழற்றப்பட்ட பொருள் அதுவரை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதையும் விளம்பரங்கள் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில், பேனலுக்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் சூரியக்கலம் என்ற சிலிக்கான் வில்லை வேலை செய்யும் விதம். ஒளி, ஃபோட்டான் எனப்படும் துகள்களாக வந்து விழுகிறது. சிலிக்கானில் விழும் ஒரு ஃபோட்டானிடம் 1.12 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் ஆற்றல் இருந்தால், அணுப் பிணைப்பில் கட்டுண்டிருக்கும் ஓர் எலக்ட்ரானை அது விடுவிக்கும். விடுபட்ட எலக்ட்ரான் சும்மா விட்டால் மறுபடியும் பழைய இடத்திலேயே போய் அடங்கிவிடும். அப்படி அடங்கவிடாமல் ஒரு பக்கமாகத் தள்ளுவதற்காகவே சிலிக்கானின் ஒரு பக்கத்தில் பாஸ்பரஸையும் மறுபக்கத்தில் போரானையும் மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் நிலையான ஒரு மின்புலம் உருவாகி, எலக்ட்ரான்களைக் கம்பியை நோக்கி ஓட்டுகிறது. 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் காட்டிய கலம் விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல பேனல் 21, 22 சதவீதம் தருகிறது. அடிப்படை மாறவில்லை. இந்த நிகழ்வில் எடைக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேண்டியது பரப்பு, அந்தப் பரப்பில் ஒளியை விழுங்கும் அளவுக்குப் போதுமான தடிமன்.

அந்தப் போதுமான தடிமன் பொருளுக்குப் பொருள் மாறுகிறது. சிலிக்கான் படிகம் ஒளியை விழுங்குவதில் சற்று மந்தமான பொருள். சிவப்பு ஒளியும் அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பும் அதற்குள் வெகுதூரம் ஊடுருவிச் சென்ற பிறகே உறிஞ்சப்படும். அதனால் 130 முதல் 180 மைக்ரான் வரை தடிமன் வைக்கிறார்கள்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் தடிமனில் சிலிக்கான் அப்பளம் போல நொறுங்கும். காட்மியம் டெலுரைடு, தாமிரம்–இண்டியம்–காலியம்–செலினியம் கூட்டுப்பொருள், காலியம் ஆர்சனைடு போன்றவை அப்படியல்ல. இரண்டு மூன்று மைக்ரான் தடிமனிலேயே ஒளியை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும். இவ்வளவு மெல்லிய படலம் மெல்லிய உலோகத் தகட்டின் மேலோ, பிளாஸ்டிக் தாளின் மேலோ படிந்திருந்தால் வளைத்தாலும் உடையாது. ஆகவே எடை குறைந்த பேனலைச் செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன: வழக்கமான சிலிக்கான் கலங்களையே எடுத்து, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பது ஒன்று, மெல்லிய படலக் கலங்களைச் செய்வது மற்றொன்று. இந்தியச் சந்தையில் ‘ஃபிளெக்ஸிபிள் பேனல்’ என்று விற்பனையாவது பெரும்பாலும் முதல் வகை. அது உண்மையில் சற்றே வளையும் பேனல். சுருட்டும் பேனல் அல்ல.

ஒரு வாகனத்தின் மேற்கூரையிலிருந்து கழற்றிப் போட்ட அப்படிப்பட்ட பேனல் ஒன்றின் ஓரத்தைக் கத்தியால் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மேலே மிக மெல்லிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். அதன் கீழே ஈ.வி.ஏ. எனப்படும் பசைப்படலம், சுமார் 150 டிகிரி வெப்பத்தில், வெற்றிடத்தில் வைத்து அழுத்தும்போது உருகிக் கலங்களைச் சுற்றி இறுகும் பொருள் இது. அதற்கும் கீழே கலங்கள், மறுபடியும் பசைப்படலம், கடைசியில் கண்ணாடியிழை சேர்த்த கெட்டியான பின்தாள். மொத்தத் தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. மேல்தாள் நடுவில் மஞ்சள் பூத்திருந்தது. ஓரங்களில் பசை விட்டுப்போய், உள்ளே ஈரம் ஏறிய தடம் கோடு கோடாகத் தெரிந்தது. கலங்களை இணைக்கும் வெள்ளிநிறப் பட்டைகளில் ஒன்று பற்றவைப்பு விட்டுப் பழுப்பேறி, அந்த இடத்தில் பின்தாள் கருகியிருந்தது. வெயிலில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தபோது, இரண்டு கலங்களின் குறுக்கே மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடுவதும் தெரிந்தது.

அந்த ஒரு பேனலின் ஓரத்திலேயே, கண்ணாடி அதுவரை என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது முழுவதும் தெரிந்துவிடுகிறது. கண்ணாடி வளையாது, அதனால் கலத்தில் விரிசல் விழாமல் காக்கும். கண்ணாடி புற ஊதாக் கதிரால் மஞ்சளாகாது. பேனல்களுக்கான சர்வதேசச் சோதனை முறையில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பனிக்கட்டிக் குண்டை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் எறிந்து பார்க்கிறார்கள். கெட்டிப்படுத்திய கண்ணாடி அதைத் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணாடி வழியே நீராவி புகாது. பிளாஸ்டிக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மிக மெதுவாகவேனும் நீராவியை உள்ளே விடும். மெல்லிய படலக் கலங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அவை நெடுநாள் உழைக்க வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் உறையின் வழியே ஒரு நாளில் ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி புகக்கூடாது என்பது துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு; சில பொருள்களுக்கு அதிலும் நூறில் ஒரு பங்குதான் அனுமதி. அத்தகைய தடுப்புத் தாள்களைச் செய்ய முடியும். ஆனால் மலிவாகச் செய்ய முடிவதில்லை. மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி இதே வேலையைச் சொற்ப விலையில் செய்துவிடுகிறது.

ஆகவே எடையைக் குறைக்கும்போது பெரும்பாலும் ஆயுளைத்தான் விலையாகக் கொடுக்கிறோம். கண்ணாடிப் பேனலுக்கு 25 ஆண்டு மின்னுற்பத்தி உத்தரவாதம் வழக்கமாகிவிட்டது. பிளாஸ்டிக் உறை கொண்ட சாதாரண பேனல்களுக்குச் சில ஆண்டுகளே உத்தரவாதம் தருகிறார்கள். அப்படியானால் இவற்றுக்குப் பயனே இல்லையா என்றால், நிச்சயமாக இருக்கிறது. ஒவ்வொரு கிலோவும் பெரும் செலவாகவோ ஆபத்தாகவோ மாறும் இடங்கள் உலகில் ஏராளம். அந்த இடங்களில் ஆயுளைக் கொடுத்து எடையைக் குறைப்பது முற்றிலும் நியாயமான பேரம். கான்கிரீட் மாடி அப்படிப்பட்ட இடமல்ல.

கூரைகளைப் பற்றி என் தொழில் அனுபவத்திலிருந்து சற்று விரிவாகவே சொல்கிறேன். கான்கிரீட் மாடியில் கண்ணாடிப் பேனல்களும் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ வரும். ஆட்கள் நடமாடும் மாடிகள் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் சுமையைத் தாங்கும்படியே வடிவமைக்கப்படுகின்றன. எனவே நல்ல நிலையில் உள்ள மாடிக்கு இது பொருட்டே அல்ல. தகர ஷீட் கூரை வேறு கதை. அரை மில்லிமீட்டர் தகரம் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவுக்கும் குறைவு. அதைத் தாங்கும் பர்லின்கள் எனப்படும் குறுக்கு இரும்புச் சட்டங்கள், கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 875 ஆட்கள் ஏறாத சரிவுக் கூரைகளுக்கு அனுமதிக்கும் குறைந்த சுமைக்கே கணக்கிடப்பட்டிருக்கும். அந்தச் சுமை சதுர மீட்டருக்கு 75 கிலோவில் தொடங்கி, கூரையின் சரிவு கூடக் கூட 40 கிலோ வரை இறங்கும். பழைய பட்டறைகளில் பல எந்தக் கணக்கும் இல்லாமல் கொத்தனாரும் வெல்டரும் கையிருப்பைக் கொண்டு எழுப்பியவை.

பள்ளிபாளையம் பக்கத்தில் விசைத்தறிக் கூடம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தபோது அதன் உரிமையாளர் என்னிடம் கேட்டார்: “ஏனுங்க தம்பி, கண்ணாடி பேனலை ஏத்துனா சீட்டு தாங்காதுன்னு சொல்றாங்க. ஒட்டற பேனல்னா தாங்குமுங்களா?” கூரை முழுவதும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், நெளிநெளியாக, வெயிலிலும் மழையிலும் பொரிந்துபோய்க் கிடந்தது. “எடையைத் தாங்குங்க அண்ணா. ஆனா ஒட்டறதுக்கு எடமே இல்லீங்களே” என்றேன். நெளிவுள்ள ஷீட்டின் மேல் தட்டையான பேனல் முகடுகளில் மட்டுமே தொடும். இடையிலுள்ள பள்ளங்களில் ஆதாரமின்றித் தொங்கும். காற்று அடிக்கும்போதெல்லாம் அது அதிரும். அந்த அதிர்வே கலங்களை மெல்ல மெல்ல உடைத்துவிடும். ஒட்டுவதற்காக மேற்பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்தால் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் காற்றில் கலந்து, கீழே தறி ஓட்டுகிறவர்களின் நுரையீரலுக்குள் போகும். துளையிட்டாலும் அதே ஆபத்துதான். அந்த ஷீட்டுகளை முறையாக இறக்கிவிட்டு, பட்டையான முகடுகள் கொண்ட வண்ணத் தகர ஷீட் போட்டால், இலகு பேனலுக்கும் இடம் கிடைக்கும். பர்லின்களைச் சேர்த்துப் பலப்படுத்தினால் கண்ணாடிப் பேனலையே வைக்கலாம். இரண்டாவது வழியைத்தான் நான் அவருக்குப் பரிந்துரைத்தேன். எப்படியும் கூரை மாற்றும் செலவு ஆகிறபோது, கூடுதலாகச் சில டன் இரும்பு போட்டு 25 ஆண்டு உழைக்கும் பேனலை வைப்பதுதான் அவருக்கு லாபம்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தப் பதில் பொருந்தாது. பர்லின்களைத் தொடவே முடியாத பெரிய கிடங்குகள் உண்டு. உள்ளே இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், வெல்டிங் பொறி விழக்கூடாத சரக்கு இருக்கும். அங்கே தட்டையான தகரப் பரப்பில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கிலோ எடையுள்ள பேனலை ஒட்டுவது, கூரையில் சோலார் வேண்டும் என்றால் இருக்கும் ஒரே வழி. இதில் பலரும் கவனிக்காத நன்மை ஒன்றும் இருக்கிறது. நம் கடற்கரை மாவட்டங்களில் கூரையின் எதிரி சுமையைவிடக் காற்றுதான். சட்டத்தின் மேல் சாய்த்து வைத்த கண்ணாடிப் பேனலுக்கு அடியில் காற்று புகுந்து, அதை ஷீட்டோடு சேர்த்து மேலே இழுக்கும். கூரையோடு ஒட்டிக் கிடக்கும் பேனலுக்கு அடியில் காற்று புகுவதற்கு வழியில்லை. ஒட்டும் பசை சரியாகவும், கீழேயுள்ள ஷீட்டின் திருகுகள் உறுதியாகவும் இருந்தால் புயலில் அது கூரையைவிட அதிக ஆபத்தில் இல்லை.

ஒட்டிக் கிடப்பதற்குக் கேடும் உண்டு, அது வெப்பம். சிலிக்கான் கலத்தின் மின்னுற்பத்தி 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். சட்டத்தில் தூக்கி வைத்த பேனலின் அடியில் காற்றோட்டம் இருக்கும். தகரத்தோடு ஒட்டியதற்கு அது இல்லை. சித்திரை வெயிலில் அப்படிப்பட்ட பேனல் 70 டிகிரியை எளிதில் தொடும். 45 டிகிரி அதிகம் என்றால் 16 முதல் 18 சதவீதம் மின்சாரம் அங்கேயே போய்விட்டது. அதைவிடக் கவலைக்குரியது, அந்த வெப்பம் பசையையும் பிளாஸ்டிக்கையும் விரைவில் முதுமையடையச் செய்வதுதான். வாகனத்தின் கூரையிலோ படகிலோ பொருத்துகிறவர்களிடம், பேனலுக்கு அடியில் உள்ளீடற்ற பாலிகார்பனேட் தாள் போன்ற ஏதேனும் ஒன்றை வைத்துச் சிறிதளவு காற்று இடைவெளியாவது விடுங்கள் என்று வற்புறுத்துகிறேன். எடை சிறிதே கூடும். ஆயுள் கூடுவது அதைவிடப் பெரிது.

வளைத்துப் பொருத்துவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பேனலுக்குள் கலங்கள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதால், எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் ஓட வேண்டும். வளைந்த பரப்பில் சூரியனை நேரே பார்க்கும் கலம் நிறையத் தயாரித்தாலும், சாய்ந்து கிடக்கும் கலம் குறைவாகத் தயாரித்தால், அந்தக் குறைந்த அளவுக்கே மொத்த வரிசையும் இறங்கிவிடும். வளையும் என்பதற்காக வளைப்பது லாபமல்ல. வளைவு கட்டாயமான இடத்தில், கலங்களின் வரிசை வளைவின் குறுக்கே செல்லாமல் நீளவாக்கில் செல்லும்படி வைத்தால் இழப்பைக் குறைக்கலாம்.

கிலோவுக்கு மிக அதிக விலை கொடுக்கும் இடம் விண்வெளி. சோலார் பேனல் முதன்முதலில் தவிர்க்க முடியாத பொருளானதும் அங்கேதான். 1958 மார்ச்சில் ஏவப்பட்ட அமெரிக்காவின் வான்கார்ட் 1 செயற்கைக்கோளின் எடை ஒன்றரைக் கிலோ. அதில் பேட்டரியில் இயங்கிய ஒலிபரப்பி அதே ஆண்டில் ஓய்ந்துபோக, ஆறு சூரியக்கலங்களில் இயங்கிய மற்றொன்று 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2021 ஜூன் முதல் பொருத்தப்பட்ட புதிய தகடுகள் பாய் போலச் சுருண்டு சென்று, அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு விரிந்து, ஒவ்வொன்றும் 20 கிலோவாட்டுக்கு மேல் தருகின்றன. 2023 ஆகஸ்டில் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்–3இன் பிரக்யான் ஊர்தி 26 கிலோ. 50 வாட் மின்சாரம் அதற்குப் போதுமானதாக இருந்தது. செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரின் மொத்த எடையே 1.8 கிலோ, சுழலும் இறக்கைகளுக்கு மேல் உச்சியில் ஒரு சிறிய பேனலைத் தாங்கிக்கொண்டு, 2021 ஏப்ரல் முதல் 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. பகல் முழுவதும் சேகரித்த மின்சாரத்தில் பறப்பு என்பது ஓரிரு நிமிடம்தான். மீதியில் பெரும்பகுதி இரவுக் குளிரில் உறைந்துவிடாமல் தன்னைச் சூடாக வைத்துக்கொள்வதற்கே போனது. அந்தப் பேனலில் நூறு கிராம் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போது, எடை என்ற கேள்விக்கு நாம் பூமியில் எவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லிவிடுகிறோம் என்று தோன்றுகிறது.

வானத்தில் இதற்கு மிகச் சிறந்த சான்று சோலார் இம்பல்ஸ் 2 விமானம். 2015 மார்ச்சில் அபுதாபியிலிருந்து கிளம்பி, மஸ்கட் வழியாக நம் அகமதாபாத்திலும் வாரணாசியிலும் இறங்கிச் சென்ற விமானம் அது. இறக்கையின் அகலம் 72 மீட்டர். மொத்த எடை வெறும் 2.3 டன். இறக்கையிலும் உடலிலுமாக 17,248 சிலிக்கான் கலங்கள். ஒவ்வொன்றும் 135 மைக்ரான் தடிமன். ஜப்பானின் நகோயாவிலிருந்து ஹவாய் வரை ஐந்து பகல், ஐந்து இரவு தரையில் இறங்காமல், ஒரு சொட்டு எரிபொருளும் இல்லாமல் பறந்தது. அங்கே சிலிக்கானின் மேல் கண்ணாடி இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் படலம் மட்டுமே. உலகைச் சுற்றி முடிக்க 2016 ஜூலை ஆகிவிட்டது. அதற்குத் தாங்கினால் போதும், 25 ஆண்டுகள் தேவையில்லை.

இனி நம் மண்ணில் எங்கே பயன்படும் என்று பார்க்கலாம். சிறிய மீன்பிடிப் படகுகளை முதலில் சொல்வேன். படகில் மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அதன் ஈர்ப்பு மையத்தை உயர்த்தி, அலையில் உருளும் தன்மையைக் கூட்டும். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரி முதல் ஓடும் ‘ஆதித்யா’ பயணிகள் படகு, கூரையில் 20 கிலோவாட் பேனல்களைச் சுமந்துகொண்டு 75 பேரை ஏற்றிச் செல்கிறது. அது இரட்டை உடல் கொண்ட அகலமான படகு, காயலின் அமைதியான நீரில் ஓடுவது. வங்கக்கடலில் போகும் ஒடுங்கிய ஃபைபர் படகுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அதற்குத் தேவையும் குறைவுதான்: ஜி.பி.எஸ்., வயர்லெஸ், வலை இழுக்கும்போது ஒரு விளக்கு, கைபேசி. இதற்கு 100 வாட் பேனல் ஒன்று தாராளம். இரண்டு கிலோ எடையில், உடைந்து காலைக் கிழிக்கும் கண்ணாடி இல்லாமல், படகின் முன்தளத்தில் படிந்து கிடக்கும் பேனல் மிகப் பொருத்தமானது. உப்புக்காற்றில் முதலில் கெடுவது பேனலைவிட அதன் இணைப்பு முனைகள் என்பதால், அவற்றை நன்றாக மூடிக் கட்ட வேண்டும்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து ஆட்டுக் கிடை போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் கீதாரிகளை நான் வேலை நிமித்தமான பயணங்களில் பலமுறை சந்தித்திருக்கிறேன். தங்கும் இடம் வயல், மின்சாரம் கிடையாது. ஆனால் அடுத்த கிடைக்கு எந்த ஊரில் இடம் கிடைக்கும், ஆட்டு வியாபாரி எப்போது வருவார், ஊரில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதெல்லாம் கைபேசியில்தான். முன்பெல்லாம் அருகிலுள்ள டீக்கடையில் சார்ஜ் போடக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். தஞ்சைப் பக்கம் ஒரு வயலில், மடித்து விரிக்கும் துணிப் பேனல் ஒன்றைச் சாக்கு மூட்டையின் மேல் விரித்து, பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் மண்கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். அந்த ஏற்பாட்டின் கணக்கு எளிது. 5,000 மில்லி ஆம்பியர் பேட்டரி உள்ள கைபேசிக்குச் சுமார் 19 வாட் மணி ஆற்றல் வேண்டும். இழப்புகளைச் சேர்த்தால் 25. மடக்கு வகையில் 20 வாட் பேனல் நல்ல வெயிலில் 12, 14 வாட் தரும். இரண்டு மணி நேரத்தில் கைபேசி நிரம்பிவிடும். தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கக்கூடிய ஒரு பொருள் இதைச் செய்வது சாதாரண உதவியல்ல.

புயலுக்குப் பிறகான நாட்களும் இப்படித்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. அத்தகைய நேரத்தில் லாரி போக முடியாத சாலையில், மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி எடுத்துச் செல்லக்கூடிய மடக்கு பேனல்களும் ஒரு பேட்டரியும் ஒரு முகாமுக்கு விளக்கையும் தொலைத்தொடர்பையும் கொடுத்துவிடும். டீசல் தேட வேண்டாம். கடலோர மாவட்டங்களின் பேரிடர் கிடங்குகளில் தார்ப்பாய்களோடும் மரம் அறுக்கும் இயந்திரங்களோடும் இவையும் மடித்து வைக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆண்டுக்குச் சில நாட்களே வெயிலில் கிடக்கும் பேனலுக்குப் பிளாஸ்டிக்கின் குறைந்த ஆயுள் ஒரு குறையே அல்ல.

இந்தப் பேரத்தையே மாற்றிவிடக்கூடிய பொருள் ஒன்று இப்போது வந்துகொண்டிருக்கிறது: பெரோவ்ஸ்கைட். 1839இல் உரால் மலைப்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட கனிமத்தின் படிக அமைப்பை உடைய செயற்கைப் பொருள்கள் இவை. ஜப்பானில் சுடோமு மியாசாகா குழுவினர் 2009இல் இவற்றைக் கொண்டு செய்த முதல் சூரியக்கலம் 3.8 சதவீதமே தந்தது. இன்று ஆய்வகங்களில் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமன் போதும். மை போலக் கரைத்துப் பூசலாம். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகர ஆய்வாளர்கள் 2015இல் மூன்று மைக்ரான் மொத்தத் தடிமனில் செய்த கலம், ஒரு கிராமுக்கு 23 வாட் தந்தது. கண்ணாடிப் பேனலோ ஒரு கிலோவுக்கே 20 வாட்தான் தருகிறது. ஜப்பான் அரசு 2040க்குள் 20 கிகாவாட் பெரோவ்ஸ்கைட் பேனல்களை நிறுவத் திட்டமிட்டிருக்கிறது. அங்கே சமநிலம் குறைவு, சுமை தாங்காத பழைய கூரைகள் அதிகம். பெரோவ்ஸ்கைட்டுக்கு வேண்டிய அயோடினில் உலகின் இரண்டாவது பெரிய உற்பத்தியாளரும் ஜப்பான்தான். 2025 ஒசாகா உலகக் கண்காட்சியில் பேருந்து நிலையத்தின் வளைந்த மேற்கூரையில் ஏறக்குறைய 250 மீட்டர் நீளத்துக்கு இந்தப் படலத்தைப் பொருத்திக் காட்டினார்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இந்தப் படிகம் சிதைந்துவிடும் என்பதே தடை. பெரும்பாலான வகைகளில் ஈயமும் இருக்கிறது. இந்தப் படலத்தைத் தயாரிக்கும் ஜப்பானின் செக்கிசுயி நிறுவனம் தன் படலத்துக்கு 10 ஆண்டு வெளிப்புற ஆயுளை எட்டியதாக அறிவித்திருக்கிறது. நாகப்பட்டினத்தின் ஐப்பசி மழையிலும் வைகாசி வெயிலிலும் அதே பத்தாண்டு தாங்கினால், எங்கள் தகரக் கூரைக் கணக்குகள் அனைத்தையும் மாற்றி எழுத வேண்டிவரும். அந்த நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தச் சந்தையில் பொய் மிகுதி. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் சுமார் 1,000 வாட். அதில் நல்ல சிலிக்கான் பேனல் 20, 22 சதவீதத்தையே மின்சாரமாக்கும். எனவே சதுர மீட்டருக்கு 200, 220 வாட்டுக்கு மேல் தருவதாக எந்த மடக்கு பேனல் சொன்னாலும் நம்பக்கூடாது. 40 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பேனலின் பரப்பு 0.12 சதுர மீட்டர்; அதிலிருந்து 25, 26 வாட்டுக்கு மேல் வரவே முடியாது. அதன் மேல் 200 வாட் என்று அச்சடித்திருப்பதை இணையக் கடைகளில் நாள்தோறும் காண்கிறேன். அளவுநாடா ஒன்றே போதும், இதைக் கண்டுபிடிக்க. அடுத்ததாக, மேல்தாள் எந்தப் பொருள் என்று கேளுங்கள். சாதாரண பாலியெஸ்டர் தாள் வெயிலில் விரைவில் மஞ்சளாகி வெடிக்கும், இ.டி.எஃப்.இ. எனப்படும் ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக் பல ஆண்டு தாங்கும், அழுக்கும் எளிதில் ஒட்டாது. விலை சற்றுக் கூடினாலும் இரண்டாவதையே வாங்க வேண்டும்.

ஆயுள் குறைந்த பேனல் விரைவில் குப்பையாகும் என்பதையும் வாங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். கண்ணாடிப் பேனலில் கண்ணாடியையும் அலுமினியத்தையும் பிரித்தெடுப்பது ஓரளவு எளிது; பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு இடையே உருகி இறுகிய கலங்களைப் பிரிப்பது அதைவிடக் கடினம், பிரித்தாலும் விற்கக் கிடைப்பது சொற்பம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் சோலார் பேனல்களையும் உள்ளடக்கியுள்ளன. தயாரிப்பாளர்கள் 2034–35 வரை அந்தக் கழிவைச் சேமித்து வைக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. ஆகவே பில் இல்லாமல், பெயரே தெரியாத பேனலை வாங்காதீர்கள். பில்லில் தயாரிப்பாளரின் பெயரும் வரிசை எண்ணும் இருக்கட்டும். பழுதான பேனலை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்பதைக் கடைக்காரரிடம் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.